கடல் தண்ணியைத் தொட்டு நீ சொன்ன பொய்

என் தங்கமான ஹமீது தம்பிக்கு,

நீ உயிரோடு இருந்தபோது உன்னை ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டேன். ஒரே ஒரு நாள் மட்டும் ‘டேய்’ என்றேன். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் இந்தக் கடுதாசி. இப்போது என்னமோ ‘நீ’ என்றுதான் வாயில் வருகிறது. மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதே தம்பி.

எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல என் தங்கச்சி அஞ்சலை எழுதுகிறாள். கிள்ளைப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரைக்கும் போனவள். நான் ‘வந்துச்சி’ என்றால் ‘வந்தது’ என்று எழுதுகிறாள். ‘அது நான் சொன்ன மாதிரி இல்லையே’ என்றால், ‘கடுதாசின்னா இப்பிடித்தாண்ணே இருக்கணும், நீ சொல்லு’ என்கிறாள். ஆகவே இதில் தமிழ் நன்றாக இருந்தால் அது அவளுடையது. தப்பெல்லாம் என்னுடையது.

யாருக்கு என்று கேட்டாள். பரங்கிப்பேட்டை டாக்டர் தம்பிக்கு என்றேன். பேனாவைத் தூக்கிக்கொண்டு என்னையே பார்த்தாள். “அவுருதான் மவுத்தாயிட்டாருன்னு நீதான சொன்ன? செத்தவங்களுக்கு எந்த வெலாசத்துக்குப் போடுறது?” என்றாள். நீ எழுது, விலாசம் அப்புறம் சொல்கிறேன் என்றிருக்கிறேன். என்ன எழுதச் சொல்லப் போகிறேன் என்று அவளுக்குத் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உனக்குச் சொன்னால், போகிற வழியில் அவள் காதிலும் விழும் அல்லவா?

முதலில் ஊர் சேதி. நீ வந்தபோது பருத்தி நூல் வலையைப் பட்டைச் சாயத்தில் நனைத்துக் காயப்போட்டிருந்தோமே, அதெல்லாம் போய் இப்போது நைலான் வலை வந்துவிட்டது. சாயம் வேண்டாம், காயப்போட வேண்டாம். நண்டு மாட்டினால் மட்டும் பிரித்தெடுப்பதற்குள் உயிர் போகிறது. போன மாதம் ஒரு நண்டு என் பெருவிரலைப் பிடித்து, அதை விடுவிக்க அஞ்சலை புருஷன் முருகையன் வர, அது அவனையும் பிடித்து...

“அண்ணே, விஷயத்துக்கு வா. ஒல கொதிக்குது” என்கிறாள்.

வருகிறேன். எனக்கு இந்தப் புத்தி சின்ன வயசில் இருந்தே உண்டு. ஒன்றைச் சொல்லப் போய் ஒன்பதைச் சொல்வேன். அன்றைக்குத் தோணி கவிழ்ந்ததும் இதனால்தான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அது நாலு வருஷத்துக்கு முந்திய வைகாசி. அப்பா அம்மா இல்லாமல் நான் வளர்த்த பிள்ளை அஞ்சலை. அவளுக்கு முருகையனைப் பேசி முடித்து, ஆவணியில் கல்யாணம் என்று வைத்திருந்தோம். முருகையனுக்குத் தாய்மாமன் அஞ்சாபுலி அன்றைக்கு என்னோடும் அஞ்சலையோடும் தோணியில் வந்தார். அவருக்கு நான் ஒரு கதை சொல்லிக்கொண்டே துடுப்புப் போட்டேன். கதை நல்ல இடத்தில் இருந்தது. நான் துடுப்பை விட்டுவிட்டு இரண்டு கையாலும் அபிநயம் பிடித்தேன். முகத்துவாரத்தில் அலை எழும்பியதை நான் பார்க்கவில்லை.

நானும் மாமாவும் நீந்திவிட்டோம். அஞ்சலை சேலை சுற்றி அடியில் போய்விட்டாள். எடுத்துக் கரைக்குக் கொண்டுவந்து, எங்கள் வழக்கப்படி காலைப் பிடித்துத் தலைகீழாய்த் தூக்கிக் கரகரவென்று சுற்றினோம். கொஞ்சம் தண்ணீர் வந்தது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. கருவாடு ஏற்றப் போன லாரி ஒன்றை மறித்து, மூட்டைகளுக்கு நடுவில் அவளைப் போட்டுக்கொண்டு சிதம்பரத்துக்குப் போனோம்.

ஆஸ்பத்திரியில் அடிபட்டு வருகிறவர்களை முதலில் கொண்டுபோகும் அறை ஒன்று உண்டே, வாசலில் கேசுவல்டி என்று எழுதியிருக்கும் என்று நீதான் பிறகு சொன்னாய், அங்கே போய்ச் சேர்ந்தால் உள்ளே கால் வைக்க இடமில்லை. எங்கேயோ ஒரு பஸ் வாய்க்காலில் கவிழ்ந்து, இருபது முப்பது பேர் ரத்தமும் சேறுமாய்த் தரையெல்லாம் கிடந்தார்கள். பெரிய டாக்டர், அடிபட்ட ஒருத்தனுக்கு வயிற்றைத் திறக்க ஆபரேஷன் அறைக்குள் போய்விட்டார். மிச்சம் இருந்தது ஒரு நர்சம்மாவும் நீயும்தான்.

நீ டாக்டர் இல்லை, மதராஸில் நாலாம் வருஷம் படிக்கிற பிள்ளை, லீவில் வந்து கூடமாட உதவி செய்கிறாய் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் நீ போட்டிருந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் சந்தேகம்தான். யாரோ பெரிய ஆளுடைய கோட்டு. கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டிருந்தாய். மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை.

“லீவுல வூட்டுல குந்தி உம்மா கையால நல்லது பொல்லாது சாப்புடாம, இங்க வந்து எதுக்கு தம்பி மாட்டிக்கிட்ட?” என்று நர்சம்மா ஒருத்தன் தலையில் துணியை அழுத்திக்கொண்டே கேட்டாள்.

“உம்மாவும் அதான் கேக்குறாங்க நர்சம்மா. அந்த நூலக் கொஞ்சம் எடுங்க” என்றாய்.

ஒரு கிழவர், முழங்காலில் சிராய்ப்பு, அவர் போட்ட சத்தம்தான் அறையிலேயே பெரிசு. “எனக்கு மொதல்ல பாரு! நான் மொதல் சீட்டுல வந்தவன்! பின் சீட்டுக்காரனுக்கு எல்லாம் பாத்துட்டு வர்றியே, இன்னா நியாயம்?” என்று கத்தினார்.

அதற்கு நீ சொன்னதை நான் மறக்கவில்லை. “தாத்தா, இம்மாம் சத்தம் போடுறீங்கன்னா நீங்க நல்லாருக்கீங்கன்னு அர்த்தம். சத்தம் போடாதவங்களத்தான் நான் மொதல்ல பாக்கணும்.” சொல்லிக்கொண்டே கண்ணை அறை முழுக்க ஓட்டினாய். சத்தம் போடாத ஆளைத் தேடினாய். வாசல் ஓரத்தில் வெறும் தரையில் நாங்கள் கிடத்தியிருந்த அஞ்சலை மேல் வந்து உன் கண் நின்றது.

நீ வந்து குனிவதற்கும், இழுத்துக்கொண்டிருந்த மூச்சு நிற்பதற்கும் சரியாக இருந்தது. அவள் மூக்குக்கிட்டே காதை வைத்தாய். “மூச்சு இல்ல! பெரிய டாக்டரக் கூப்புடுங்க!” என்று கத்தினாய். நர்சம்மா, “அவுரு கத்தி எடுத்துட்டாரு தம்பி, பாதியில எப்பிடி வருவாரு? காத்து சிலிண்டரும் உள்ளதான் இருக்கு” என்றாள்.

நீ சட்டென்று மண்டிபோட்டாய். அவள் வாயிலிருந்த நுரையைக் கோட்டுக் கையால் துடைத்தாய். தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, அவள் வாயில் வாயை வைத்தாய்.

தம்பி, நான் அதற்கு முன் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கேள்விப்பட்டதும் இல்லை. என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம், செத்துக்கொண்டிருக்கிற என் தங்கச்சி மேல் ஊர் பேர் தெரியாத ஒருத்தன். “டேய்! என்னாடா பண்ற எந்தங்கச்சிய!” என்று உன் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி, வாய்மேலேயே குத்தினேன். துடுப்புப் பிடித்த கை. உன் உதடு இரண்டாகக் கிழிந்தது.

நர்சம்மா ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். என்னில் பாதி ஆள் இருப்பாள். ஆனால் விடவில்லை. “அவுரு மூச்சு குடுக்குறாருய்யா, படுபாவி!” என்று என் முதுகுக்குப் பின்னால் இருந்து கத்தினாள். நீ என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. ஒரு பக்கமாய் ரத்தத்தைத் துப்பிவிட்டு மறுபடியும் குனிந்தாய். ஊதினாய். அவள் நெஞ்சு, தோணிப் பாயில் காற்று ஏறுகிற மாதிரி மெதுவாக எழும்பியது. எடுத்தாய், இறங்கியது. மறுபடி ஊதினாய். எத்தனை தடவை என்று யார் எண்ணினார்கள்? கத்திக்கொண்டிருந்த கிழவர்கூட வாயை மூடிக்கொண்டார்.

அஞ்சலை இருமினாள்.

அவள் உதட்டில் ரத்தம். அது உன் ரத்தம். வாசலில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் அஞ்சாபுலி மாமா பார்த்தார்.

நான் உன் காலில் விழுந்திருக்க வேண்டாமா? என்ன செய்தேன் தெரியுமா? அவளிடம் நீ பேசக் கூடாது, கிட்டே வரக் கூடாது என்றேன். இரண்டாம் நாளே, பெரிய டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும், பிடிவாதமாக வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். உதட்டில் தையலோடு நீ வாசல் வரைக்கும் ஓடிவந்தாய். “அண்ணே, மூச்சு வுடுறப்ப நெஞ்சு வலிக்குதான்னு மட்டும் அவுங்களக் கேட்டுச் சொல்லுங்க” என்றாய். நான் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. வண்டியில் ஏறிவிட்டேன்.

எங்களுக்கு முன்னாலேயே பேச்சு ஊருக்குப் போய்விட்டிருந்தது. எங்கள் குப்பத்துக்குத் தலைவரை நாட்டார் என்போம். அமாவாசைக்குக் கடலுக்குப் போகாமல் ஊர் கூடும்போது, அவர் முன்னால் அஞ்சாபுலி மாமா எழுந்து நின்றார். “வாயில வாய் வச்சத நான் ரெண்டு கண்ணால பாத்தேன். ஒதட்டுல ரத்தமும் பாத்தேன். வச்சவன் எவனோ அவனுக்கே கட்டிக் குடுங்க. எங்க பையனுக்கு வாணாம்” என்றார்.

நாட்டார் கெட்டவர் இல்லை. “அந்தப் புள்ளையே வரட்டும். வந்து கடல் தண்ணியத் தொட்டு, நான் அப்பிடிச் செய்யலன்னு ஊருக்கு முன்னால சொல்லட்டும். சொல்லிட்டா கல்யாணம் நடக்கும்” என்றார். எங்கள் குப்பத்தில் தண்ணியைத் தொட்டுச் சொன்ன சொல்லுக்கு மேல் பேச்சு கிடையாது. தொட்டுப் பொய் சொன்னவன் மறுபடி கடலில் இறங்க முடியாது என்பார்கள். நீ கடலில் இறங்குகிறவன் இல்லையே, உனக்கு என்ன வந்தது என்று நான் கணக்குப் போட்டேன்.

வெள்ளாற்றைத் தாண்டி உன்னைத் தேடி வந்தேன். உங்கள் வீட்டு வாசலிலேயே கேட்டேன். எனக்காக ஒரு பொய் சொல்லுங்க என்று.

“பொய் சத்தியமா?” என்றாய். “அது எங்க மார்க்கத்துல பெரிய பாவம் அண்ணே. நான் செஞ்சதுல என்னா தப்பு? நானே வந்து எடுத்துச் சொல்றேன், மதராசுல இப்ப இதத்தான் சொல்லிக் குடுக்குறாங்கன்னு. கேக்க மாட்டாங்களா?”

“கேட்டுப்பாங்க தம்பி. கேட்டுட்டு கல்யாணத்த நிறுத்திடுவாங்க.”

நான் உன் காலில் விழப் போனேன். நீ பதறி இரண்டு அடி பின்னால் குதித்தாய். “வாணாம் வாணாம், மனுசன் மனுசன் கால்ல வுழக் கூடாது. எழுந்திருங்க.” நன்றிக்கு விழாத நான், பொய்க்கு விழப் போனேன் பார். நீ நகத்தைக் கடித்துக்கொண்டே கேட்டாய். “மூச்சு வுடுறப்ப நெஞ்சு வலிக்குதான்னு கேட்டீங்களா?”

“கேட்டேன், இல்லையாம்” என்றேன். கேட்கவே இல்லை தம்பி.

மறுநாள் என் தோணியிலேயே உன்னைக் கூட்டி வந்தேன். ஆம்பிளைகள் எல்லாம் கரையில் கூடியிருந்தார்கள். உள்ளங்கையில் தண்ணியை அள்ளி நீ எழுந்து நின்றாய். அது விரல் இடுக்கில் ஒழுகிக்கொண்டே இருந்தது.

“தம்பி, எங்க பொண்ணு அஞ்சலை வாயில நீ வாய் வச்சு ஊதுனியா?” என்று நாட்டார் கேட்டார்.

நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். “இல்லைங்க.”

“அப்பறம் எப்பிடிப் பொழச்சா?”

“அவுங்களாத்தான் மூச்சு வுட்டாங்க.”

“ஒதட்டுல ரத்தம்?” என்று அஞ்சாபுலி மாமா குறுக்கே வந்தார்.

“அண்ணன் என்னெ அடிச்சாரு. நான் வேல தெரியாம நின்னேன்னு கோவம். அந்த ரத்தம் தெறிச்சிருக்கும்.”

நான் அடித்ததைக்கூட நியாயமாக்கிவிட்டாய். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மாமா விடவில்லை. “அப்ப நீ என்னாதான் செஞ்ச?” என்றார்.

“பக்கத்துல... நின்னேன்.”

“நின்னியா? நிக்கிறதுக்கா மதராசு வரைக்கும் போய்ப் படிக்கிற? எங்க ஊரு கொக்கு படிக்காமலே நிக்குதேப்பா!”

ஊரே சிரித்தது. நாட்டார் சிரித்தார். நீ தலையைக் குனிந்துகொண்டு, காலியான உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். உதட்டில் தையல் போட்ட இடம் இன்னும் வீங்கியிருந்தது.

தம்பி, நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் சந்தேகப்படுவார்களோ என்று, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். உன்னை அடித்த கைக்கு ஒரு சாக்கு உண்டு, அதற்கு விவரம் தெரியாது. சிரித்த வாய்க்கு எல்லாம் தெரியும். அதற்கு என்ன சாக்குச் சொல்வேன்?

திரும்பும்போது தோணியில் நீ ஒரு கையைத் தண்ணியில் விட்டபடியே வந்தாய். நான் வழக்கம்போல ஏதாவது கதை சொல்லலாம் என்று பார்த்தேன். வாய் வரவில்லை. பாதி ஆற்றில் நீதான் பேசினாய்.

“அதான் அண்ணே எனக்கு மொத உசுரு.”

“என்னாது?”

“அதுவரைக்கும் நான் கட்டு போட்டிருக்கேன், தையல் போட்டிருக்கேன். போற உசுரத் திருப்பிக் கொண்டாந்தது அதான் மொத தடவ. புஸ்தகத்துல படிச்சதுதான், செஞ்சதில்ல. கை ரெண்டும் நடுங்குச்சு. நீங்க குத்துனீங்க பாருங்க, அப்பதான் நடுக்கம் நின்னுச்சு.” சொல்லிவிட்டுச் சிரித்தாய். சிரித்ததும் தையல் இழுத்தது போலிருக்கிறது, உதட்டைப் பொத்திக்கொண்டாய். “உம்மாகிட்ட சொல்லணும்னு இருந்தேன். இனிமே யார்கிட்டயும் சொல்ல முடியாது. செய்யலன்னு சொல்லியாச்சே.”

அப்போதாவது நான் தோணியைத் திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை.

கரை தெரியும்போது நீ எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். “ஒண்ணு மட்டும் கேக்குறேன். அடுத்தாப்ல யாராவது தண்ணியில முங்குனா சுத்தாதீங்க. சுத்துற நேரத்துல உசுரு போயிடும். நான் செஞ்சதப் பாத்தீங்கள்ல? அதச் செய்யுங்க” என்று, என்னையே தோணியில் படுக்க வைத்து, தலையை இப்படிச் சாய்க்கணும், வாயில் இருக்கிற சகதியை இப்படி வழிக்கணும், மூக்கை இப்படிப் பிடிக்கணும், நெஞ்சு எழும்புதா என்று கண்ணால் பார்க்கணும் என்று மூணு தடவை காட்டினாய். துடுப்பு இல்லாமல் தோணி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. “செய்வீங்களா?” என்றாய்.

“செய்றேன் தம்பி” என்றேன்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. உன்னைக் கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவது?

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் கழித்துக் கடலூர் முதுநகருக்குக் கருவாடு கொண்டுபோன இடத்தில், உங்கள் ஊர் வியாபாரி ஒருத்தரிடம் சும்மா விசாரிப்பதுபோல் கேட்டேன். “நம்ம ஹமீதா? பாஸ் பண்ணி அந்த ஆஸ்பத்திரியிலயே வேல பாத்துக்கிட்டிருந்தான். மஞ்சக்காமால வந்து மவுத்தாயிட்டானே. பத்து நாளாச்சு” என்றார். கருவாட்டுக் கூடையைக் கீழே வைத்துவிட்டேன். “உனக்கு எப்பிடிப் பழக்கம்?” என்று கேட்டார்.

“ஒரு தடவ என் தோணியில வந்தாரு” என்றேன்.

நீ செய்ததை நீயே இல்லை என்று சொல்ல வைத்தேன். நீ போன பிறகும் உன்னை இல்லை என்றேன்.

இனிமேல் சொல்லப்போவதுதான் கஷ்டம். போன மாதம் நடந்தது. எங்கள் தெருவில் நண்டு பிடிக்கிற ராசு மகள் பட்டம்மா, பன்னிரண்டு வயசு. கழிமுகத்தில் மட்டி பொறுக்கப் போனவள், ஓதம் ஏறியதைக் கவனிக்காமல் தண்ணீரில் முங்கிவிட்டாள். எடுத்துக் கரையில் போட்டார்கள். பகல் வேளை. ஊரே கூடிவிட்டது. அப்பன்காரன் அழுதுகொண்டே அவள் காலைப் பிடித்துச் சுற்றினான். அவன் கை ஓய்ந்ததும் இன்னொருத்தன் சுற்றினான்.

நான் மூணு அடி தூரத்தில் நின்றேன் தம்பி. தலையைச் சாய்க்கணும், சகதியை வழிக்கணும், மூக்கைப் பிடிக்கணும். எல்லாம் எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவளைக் கீழே கிடத்தியபோது என் கை அவள் மூக்கு வரைக்கும் போனது. அப்போது எதிரில் அஞ்சாபுலி மாமாவின் முகம் தெரிந்தது. ‘இத நீ எங்கடா பாத்த?’ என்று கேட்டால் என்ன சொல்வேன்? நாலு வருஷக் கல்யாணம், இரண்டு பிள்ளை, முருகையன் வீட்டில் அஞ்சலையின் நிலைமை எல்லாம் ஒரு நொடியில் வந்து போனது. கையை இழுத்துக்கொண்டேன். பட்டம்மா முகத்தில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்க வந்தவன் மாதிரி ஒதுக்கிவிட்டு எழுந்துவிட்டேன்.

நான் ஊதியிருந்தால் பிழைத்திருப்பாளா? தெரியாது. நீ இருந்திருந்தால் சொல்லியிருப்பாய். பிழைத்திருக்க மாட்டாள் என்று மட்டும் சொல்லிவிடமாட்டாயா என்று உன்னைக் கேட்கத் தோன்றுகிறது. அப்படிக் கேட்பதும் கேவலம்தான்.

காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்துப் பட்டம்மாவின் அம்மா என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. சத்தமே இல்லை. “அண்ணே, உன் தங்கச்சியும் தண்ணியில முங்குனவதான? அவ மட்டும் எப்பிடிப் பொழச்சா? நீங்க என்னா பண்ணீங்க? நாங்க எதாவது தப்பாப் பண்ணிட்டமா?” என்று கேட்டாள்.

“அவளாத்தான் மூச்சு வுட்டா” என்றேன்.

உன் வார்த்தை. ஒரு பெண்ணை வாழவைக்க நீ சொன்ன வார்த்தையை, பிள்ளையைப் பறிகொடுத்தவள் முகத்தில் நான் சொன்னேன். எழுந்து போய்விட்டாள். அன்றையில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு கதையும் வாயில் வரவில்லை. அதனால்தான் உனக்குக் கடுதாசி.

அஞ்சலை பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

வெளியே போனாள். உலை பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. ரொம்ப நேரம் கழித்து வந்து உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல், இப்போது நான் சொல்வதையும் எழுதுகிறாள். அவள் என்னிடம் சொன்னதையும் எழுது என்றேன். மாட்டேன் என்றாள். எழுது, அவருக்குத் தெரியவேண்டும் என்றேன்.

“ஆஸ்பத்திரியில முழிச்சப்ப வாயெல்லாம் ரத்த ருசி. நாக்கக் கடிச்சிக்கிட்டேன் போலன்னு நெனச்சேன். வூட்டுக்கு வந்து மூணு நாளு கண்ணாடியில நாக்க நீட்டி நீட்டிப் பாத்தேண்ணே. ஒதடு, ஈறு எல்லாம் தொழாவிப் பாத்தேன். எங்கயும் ஒரு காயம்கூட இல்ல. அப்ப இது யாரு ரத்தம்னு உன்னெக் கேக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அவுரு வந்து தண்ணியத் தொட்டுச் சொல்லிட்டாருன்னாங்க. படிச்சவரு பொய்யா சொல்லுவாருன்னு வுட்டுட்டேன்.”

பிறகு, “நீ சிரிச்சியா?” என்று கேட்டாள்.

“சிரிச்சேன்.”

“சத்தமா?”

“சத்தமா.”

வேறு ஒன்றும் கேட்கவில்லை. அடித்ததைப் பற்றிக் கேட்கவில்லை, பொய்யைப் பற்றிக் கேட்கவில்லை. சிரிப்பை மட்டும் கேட்டாள். ஏன் தம்பி, பெண்பிள்ளைகளுக்கு எந்த இடத்தில் முள் இருக்கிறது என்று எப்படித் தெரிகிறது?

விலாசம் கேட்டாள் அல்லவா, இப்போது சொல்கிறேன். இந்தக் கடுதாசியைத் தபாலில் போடப் போவதில்லை. வருகிற அமாவாசைக்கு ஊர் கூடும்போது, நாட்டார் முன்னால், அஞ்சாபுலி மாமா முன்னால் இதைப் படிக்கவேண்டும். யாராவது வாத்தியாரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லலாம் என்றேன். “எதுக்கு வாத்தியாரு? நானே படிக்கிறேன்” என்கிறாள். பொம்பளைகள் அந்தக் கூட்டத்தில் வாய் திறந்தது இல்லையே என்றேன். “எந்த வாயப் பத்தி அன்னைக்கு ஊரு கூடிப் பேசுனீங்களோ, அந்த வாயே படிக்கட்டும்” என்கிறாள்.

முருகையன் என்ன சொல்வான்? எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அவளுக்கும் இருக்கிறது, எழுத்து இந்த இடத்தில் கோணலாய்ப் போகிறது பார்.

அவள் படித்து முடித்ததும் நான் தண்ணியைத் தொட்டு, நீ சொன்னது என் பொய் என்று சொல்வேன். அதோடு விடமாட்டேன். மணலில் நானே படுத்துக்கொள்வேன். குப்பத்து ஆம்பிளை ஒவ்வொருத்தனும் வந்து என் தலையைச் சாய்த்து, மூக்கைப் பிடித்துப் பழகட்டும். பொம்பளைகளுக்கு அஞ்சலை படுத்துக்கொள்கிறாளாம். என் வாயில் கருவாட்டு நாத்தம் அடிக்கும், பொறுத்துக்கொள்ளட்டும். முதல் ஆளாய் அஞ்சாபுலி மாமாவைத்தான் கூப்பிடுவேன். சிரிக்கிறவன் சிரிக்கட்டும்.

ஆனால் அமாவாசைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அது வரைக்கும் ஒருத்தி காத்திருக்கக் கூடாது. இந்தக் கடுதாசியை மடித்ததும் பட்டம்மாவின் அம்மா வீட்டுக்குப் போகிறேன். அவர்கள் தப்பு எதுவும் செய்யவில்லை, தெரிந்தவன் ஒருத்தன் பக்கத்தில் நின்றான் என்று சொல்லப் போகிறேன். அவள் என்னை அடித்தால் உன்னைப்போல் திரும்பிப் பார்க்காமல் வாங்கிக்கொள்வேன். அங்கிருந்து வெள்ளாறு தாண்டி உங்கள் உம்மாவிடம் போவேன். உன் முதல் உசுரு எது என்று அவர்களுக்குத் தெரியவேண்டாமா? அஞ்சலையையும் பிள்ளைகளையும் தோணியில் ஏற்றிக்கொண்டு போவேன். வழியில் ஒரு கதையும் சொல்ல மாட்டேன், அலையைப் பார்த்துத் துடுப்புப் போடுவேன். இது தண்ணியைத் தொட்டுச் சொல்கிறேன் தம்பி.

கைநாட்டு,
உன்னை அடித்த அண்ணன்
கலியபெருமாள்

எழுதினது தங்கச்சி அஞ்சலை.
மூச்சு வுடுறப்ப நெஞ்சு வலிக்கலண்ணே.